ஒரு கிராம் மேட்டுநிலம் என்ன விலை?

1972-இல் மலேசியாவில் கிடைத்த ரப்பர் ஏறத்தாழ 13 லட்சம் டன். அந்த ஆண்டு விலை படுத்துக் கிடந்தது. கிலோ ஒரு வெள்ளியைத் தொடுவதே பெரும்பாடு. வடகோடி முதல் ஜொகூர் வரை பெருந்தோட்டங்களிலும் சிறு தோட்டக்காரர்களிடமும் வடிந்த பால் முழுவதையும் காசாக்கினால் 120 கோடியிலிருந்து 130 கோடி வெள்ளி தேறும். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா நிலவுக்கு அனுப்பிய அப்பல்லோ 16 பயணத்தின் செலவு 44 கோடியே 50 லட்சம் டாலர். அன்றைக்கு ஒரு டாலருக்கு 2 வெள்ளி 82 காசு. பெருக்கினால் 125 கோடி வெள்ளி வருகிறது. ஒரு நாட்டின் ஓராண்டுப் பாலும், மூன்று பேர் 11 நாள் போய்வந்த ஒரு பயணமும் ஏறக்குறைய ஒரே தொகை.

தாப்பாவில் உட்கார்ந்து நிலவுக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இந்த இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ரப்பர் விலையோடு சேர்ந்து தோட்டத்துக் கூலியும் ஏறி இறங்கிய காலம் அது. அப்போது நம் கடிகாரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால் ஓடியது; இன்றுள்ள எட்டு மணிக் கணக்கு 1982-இல்தான் வந்தது. அந்த ஏழரை மணிக் கணக்கில் ராக்கெட் கிளம்பியது ஏப்ரல் 17, அதிகாலை 1:24. ஜான் யங்கும் சார்லஸ் டியூக்கும் டெகார்ட் மேட்டுநிலத்தில் இறங்கியது ஏப்ரல் 21, காலை 9:53. மரம் வெட்டி முடித்து, பால் எடுக்கக் காத்திருக்கும் நேரம். மூன்றாமவரான கென் மாட்டிங்லி மேலே சுற்றிக்கொண்டிருந்தார்.

இனி சரக்கு. கொண்டுவந்த கல்லும் மண்ணும் 95.7 கிலோ. கிளம்பும்போது ராக்கெட்டின் மொத்த எடை 2,900 டன்னுக்கு மேல். ஒரு கிலோ நிலவுக்கல்லுக்கு இங்கிருந்து 30 டன் கிளம்பியிருக்கிறது. அதில் பெரும்பகுதி எரிபொருள். எரிபொருளைச் சுமக்க எரிபொருள், அதைச் சுமக்க இன்னும் எரிபொருள். 110 மீட்டர் உயர ராக்கெட்டில் நிலவுக்குப் போய்த் திரும்பி வந்தது ஐந்தரை டன் அளவுள்ள ஒரு கூம்பு மட்டும். ராக்கெட்டையும் அதை ஏவுவதையும் சேர்த்தாலே 18 கோடியே 50 லட்சம் டாலர், அதாவது பயணச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு, சில நிமிட நெருப்பில் போய்விட்டது.

44.5 கோடியை 95.7 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு 46 லட்சத்து 50 ஆயிரம் டாலர், கிராமுக்கு 4,650. வெள்ளியில் 13,100. அந்த ஏப்ரலில் ஒரு கிராம் தங்கம் சந்தையில் இரண்டு டாலருக்கும் கீழே. இந்த விலையைச் சொன்னால் கேட்கிறவர் வாயைப் பிளப்பார். ஆனால் முந்தைய பயணங்களோடு வைத்துப் பார்த்தால் இது மலிவு விலை. அப்பல்லோ 11-க்கு 35.5 கோடி டாலர் செலவாகி வந்தது 21.5 கிலோ, கிலோ ஒரு கோடியே 65 லட்சம். அப்பல்லோ 12-இல் கிலோ ஒரு கோடியே 9 லட்சமாக இறங்கியது, 14-இல் 95 லட்சம், 15-இல் 58 லட்சம், 16-இல் 46.5 லட்சம், கடைசியாகப் போன 17-இல் 41 லட்சம். மூன்றரை ஆண்டுக்குள் விலை நாலில் ஒரு பங்காக விழுந்திருக்கிறது. பயணத்துக்கான மொத்தச் செலவு கூடிக்கொண்டே போக, கிலோ விலை குறைந்துகொண்டே வந்தது. தங்கும் நேரம் நீண்டதும், ஓட்டிப்போக வண்டி வந்ததும்தான் காரணம்.

இந்த இடத்தில் பழைய தோட்டத்துக் கிராணி ஒருவர் குறுக்கிடுவார் என்று எனக்குத் தோன்றும். ரப்பர் கன்று நட்டு ஆறேழு ஆண்டு பால் கிடையாது. காடு வெட்டியது, உரம் போட்டது, களை எடுத்தது எல்லாம் அந்த ஆண்டுகளின் செலவு. வெட்டு தொடங்கிய பிறகு ஆகும் கூலியை மட்டும் எழுதி, ஒரு ராத்தல் பால் இன்ன விலைக்கு அடங்கியது என்று சொன்னால் துரை சீட்டைக் கிழித்துவிடுவார். அப்பல்லோவுக்கும் அதுவே முறை. 1961-இல் தொடங்கி முதல் கல் வந்தது 1969-இல். எட்டு ஆண்டு பால் இல்லை. உச்சக் கட்டத்தில் 4 லட்சம் பேருக்கு வேலை கொடுத்த அந்தத் திட்டத்தின் மொத்தச் செலவு 2,540 கோடி டாலர். ஆறு பயணங்களிலும் வந்த கல் 382 கிலோ. வகுத்தால் கிலோ 6 கோடியே 65 லட்சம், கிராம் 66,500 டாலர். பயணச் செலவை மட்டும் வைத்துப் போட்ட விலையைப்போல் 14 மடங்கு.

இரண்டில் எது சரியான விலை என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. அடுத்த பயணத்தை அனுப்பலாமா என்று முடிவு செய்ய முதல் விலை. தொடங்கியிருக்கவே வேண்டுமா என்று பார்க்க இரண்டாம் விலை. 1970-இல் அமெரிக்கா இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டது என்பது என் எண்ணம். அந்த ஜனவரியில் ஒரு பயணமும் செப்டம்பரில் இரண்டு பயணங்களும் வெட்டப்பட்டன. அந்த இரண்டை நிறுத்தி அந்த நிதியாண்டில் மிச்சம் பிடித்தது 4 கோடி டாலருக்குச் சற்று மேல். ராக்கெட்டுகள் ஏற்கெனவே கட்டி வாங்கியவை, ஆட்கள் பழகியவர்கள். நட்டு வளர்த்து, மரம் நன்றாகப் பால் கொடுக்கத் தொடங்கிய ஆண்டில் தோட்டத்தை வெட்டிச் சாய்த்த கணக்கு இது. நாசாவின் பங்கு 1966-இல் அமெரிக்க அரசுச் செலவில் 4.4 விழுக்காடு. யங்கும் டியூக்கும் போனபோது ஒன்றரை.

நேரக் கணக்குக்கு வருவோம். இருவரும் நிலவில் இருந்தது 71 மணி நேரம். இறங்கிய கூண்டைவிட்டு வெளியே வந்தது மூன்று முறை: 7 மணி 11 நிமிடம், 7 மணி 23 நிமிடம், 5 மணி 40 நிமிடம். மொத்தம் 20 மணி 14 நிமிடம். 44.5 கோடியை அந்த 1,214 நிமிடங்களுக்குப் பங்கு வைத்தால் நிமிடத்துக்கு 3 லட்சத்து 66 ஆயிரம் டாலர். நம் காசில் 10 லட்சம் வெள்ளிக்கு மேல். இறங்குவதற்கு முன் தாய்க்கலத்தின் பெரிய இயந்திரத்தைத் திருப்பும் மாற்று அமைப்பு தள்ளாடியது. அதை அலசி முடிக்க ஆறு மணி நேரம் போல் தாமதம். அதன் பலன் மூன்றாம் உலாவின் தலையில் விடிந்தது. ஏழு மணி நேரத்துக்குத் திட்டமிட்டது 5:40-இல் முடிந்தது. விட்டுப்போன 80 நிமிடத்தின் விலை, மேலே சொன்ன கணக்கில், 2 கோடியே 90 லட்சம் டாலர்.

பயணத்தில் இன்னொரு சிறு தொல்லையும் புகுந்தது. அப்பல்லோ 15-இல் போனவர்களின் இதயத் துடிப்பு தாறுமாறானதால், இந்த முறை சாப்பாட்டிலும் ஆரஞ்சுச் சாற்றிலும் பொட்டாசியம் சேர்த்துக் கொடுத்தார்கள். யங்குக்கு வயிறு உப்பிவிட்டது. அதைப் பற்றி அவர் டியூக்கிடம் புலம்பியது ஒலிவாங்கி திறந்திருந்ததால் உலகம் முழுக்கக் கேட்டது.

வண்டிக் கணக்கு தனி. போயிங் நிறுவனத்துக்கு முதலில் பேசிய தொகை ஒரு கோடியே 90 லட்சம் டாலர். முடிந்தபோது 3 கோடியே 80 லட்சம், சரியாக இரட்டிப்பு. நாலு வண்டி செய்தார்கள், நாலாவது உதிரிப் பாகங்களுக்குப் போனது. வண்டியின் எடை 210 கிலோ. அதன்மேல் 490 கிலோ ஏற்றலாம். அப்பல்லோ 15, 16, 17 மூன்றிலும் சேர்த்து ஓடிய தூரம் 90 கிலோமீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 4 லட்சத்து 20 ஆயிரம் டாலர். யங் ஓட்டியது 26.7 கிலோமீட்டர். தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறினால் லாத்தா இஸ்கந்தர் அருவியைத் தாண்டியிருப்பார். ரிங்லெட் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். கூண்டிலிருந்து அதிகம் விலகியது நாலரை கிலோமீட்டர் போல். ஏறிய உயரம் ஸ்டோன் மவுண்டனில் 150 மீட்டர். தானா ராத்தா 1,440 மீட்டரில் இருக்கிறது.

இவ்வளவு கொடுத்து எதை வாங்கினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நிலவின் முகத்தில் கறுப்பாகத் தெரியும் பசால்ட் சமவெளிகள் மொத்தப் பரப்பில் 17 விழுக்காடு. மீதி 83 வெளுத்த மேட்டுநிலம். முதல் இரண்டு பயணங்கள் சமவெளியில் இறங்கின. பிந்தியவை விளிம்புகளையும் மலையடிவாரங்களையும் தொட்டன. மேட்டுநிலத்தின் நடுவே இறங்கியது அப்பல்லோ 16 மட்டும்தான். படங்களைப் பார்த்து வரைந்த புவியியலாளர்களில் பெரும்பாலோர் அங்கே எரிமலைக் கல் கிடக்கும் என்று நம்பினார்கள். கூழ்போல் ஓடி உறைந்த கேய்லி சமதளம், கெட்டியாகப் பிதுங்கி நின்ற டெகார்ட் குன்றுகள் என்று இரண்டு வகை எரிமலைப் பாறைகளை எதிர்பார்த்து, இருவரையும் எரிமலைப் பகுதிகளில் அலையவிட்டுப் பழக்கினார்கள்.

போய்ப் பார்த்தால் எரிமலைக் கல்லைக் காணோம். கிடைத்ததில் பெரும்பகுதி பிரெச்சியா. விண்கல் மோதி உடைந்த துண்டுகள் சூட்டில் ஒட்டி இறுகிய கல். அதற்கிடையே வெள்ளை வெளேரென்று அனார்த்தோசைட். முதல் சில மணி நேரத்திலேயே இது நாம் தேடி வந்த சரக்கு இல்லை என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. அதை ஒளிக்காமல் ஹூஸ்டனுக்குச் சொன்னார்கள். வடக்கே ஒரு கிலோமீட்டர் அகலமான நார்த் ரே பள்ளம், தெற்கே சவுத் ரே பள்ளம். இரண்டும் நிலத்தின் அடிமண்ணை வாரி வெளியே கொட்டி வைத்திருந்ததால் கடப்பாரை வேலை மிச்சம். எங்கே பொறுக்கினாலும் மோதலின் கதைதான் வந்தது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக விழுந்த அடிகளில் கிளம்பிய சிதறல் படிந்துதான் அந்தச் சமதளமும் குன்றுகளும் உண்டாயின என்ற முடிவுக்குப் பிறகு வந்தார்கள்.

அந்தப் பொறுக்கலில் பெரியது 11.7 கிலோ. பிளம் என்ற 36 மீட்டர் பள்ளத்தின் ஓரத்தில் கிடந்ததை டியூக் முழங்காலில் உருட்டி ஏற்றி எடுத்தார். கல் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் பில் மியூல்பெர்கர் வற்புறுத்திக் கேட்டதால் பிக் மியூலி என்று பெயர். ஆறு பயணங்களிலும் வந்த கற்களில் இதுவே கனமானது. சராசரி விலையில் ஐந்தரைக் கோடி டாலர் பெறும். என்னைக் கேட்டால் விலை போட வேண்டியது வேறொரு கல்லுக்கு. 60025 என்று எண்ணிட்ட, இரண்டு கிலோ கூட இல்லாத அனார்த்தோசைட் அது. 2011-இல் வெளியான அளவீட்டின்படி அதன் வயது 436 கோடி ஆண்டு. நிலவு முழுக்க உருகிய கடலாக இருந்தபோது, கனம் குறைந்த பிளேஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார் படிகங்கள் மேலே மிதந்து ஏடாகக் கட்டியதுதான் மேட்டுநிலம் என்ற கருத்தை, அப்பல்லோ 11 மண்ணில் கிடந்த சில மில்லிமீட்டர் வெள்ளைத் துணுக்குகளை வைத்தே ஜான் வுட் முதலியோர் 1970-இல் சொல்லிவிட்டார்கள். அந்த ஏட்டின் துண்டுகள் கைநிறையக் கிடைத்தது இந்தப் பயணத்தில்.

நம் மலையோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தாப்பாவுக்குக் கிழக்கே எழும் தித்திவங்சா தொடர் கிரானைட். வயது 20 கோடி ஆண்டை ஒட்டியது. அதில் சிலிக்கா 70 விழுக்காட்டுக்கு மேல், அலுமினா 14 அளவில். அப்பல்லோ 16 மண்ணில் சிலிக்கா 45, அலுமினா 27, சுண்ணாம்புச் சத்து 15. நம் கிரானைட் உருவாக நீரும், அமிழ்ந்து மீண்டும் உருகும் நிலத்தட்டுகளும் வேண்டும். நிலவில் இரண்டும் இல்லை. அதனால் அங்கே வெள்ளீயமும் இல்லை, அந்த ஈயத்தைத் தோண்டும் லம்பமும் இல்லை.

ஈய லம்பம் இல்லை என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். முழுக் கணக்கும் அதில்தான் தொங்குகிறது. 1903-இல் மலாய்க் கூட்டரசின் புவியியலாளராக வந்த ஸ்க்ரிவெனர், பத்து காஜாவை மையமாக வைத்துக் கிந்தா பள்ளத்தாக்கை அளந்தார். கோப்பெங்கில் ஈயம் கலந்த களிமண்ணும் உருண்டைக் கற்களும் பழங்காலப் பனியாறு கொண்டுவந்து கொட்டியவை என்பது அவர் கட்சி. இந்த வெயிலில் பனியாறா என்று சிரிக்க வேண்டாம். கண்டங்கள் இடம் மாறியதும், அன்றைய கோண்ட்வானா நிலங்களில் பனி மூடியிருந்ததும் உண்மை. ஆனால் கோப்பெங்குக்கு அது பொருந்தவில்லை. பின்வந்தவர்கள் அதை மறுத்தார்கள்.

மறுக்க ஆன செலவு எவ்வளவு? ஏறக்குறைய சுழியம். சீனத் தவுக்கைகள் ஈயத்துக்காக வெட்டினார்கள், ஆங்கிலக் கம்பெனிகள் நீர் பீய்ச்சிக் கரைத்தன. தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் நிற்கிற டிடி5 கப்பல் 1938-இல் கட்டியது. எடை 4,500 டன். நிலவுக்குப் போன ராக்கெட்டைவிடக் கனம். 44 ஆண்டு குளத்துக்குள் மண்ணைத் தோண்டி வாரிக்கொண்டே இருந்தது. இவர்கள் தங்கள் லாபத்துக்காகத் திறந்துவைத்த பள்ளங்களின் சுவரை, புவியியலாளர் குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து எழுதிக்கொண்டார். பூமியில் நிலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இப்படி வந்ததுதான். சுரங்கமோ, சாலையோ, கிணறோ யாரோ வேறு காரியத்துக்குத் தோண்டுவார்கள். அறிவியலுக்கு அதில் ஓசியில் பங்கு. நிலவில் வேறு காரியம் யாருக்கும் இல்லை. அங்கே குழியின் முழுக் கூலியும் அறிவியலின் பற்றில் ஏறுகிறது. கிராம் 4,650 டாலர் என்ற விலை ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறது என்றால், பங்கு போட்டுக்கொள்ள ஆளில்லாத விலை அது.

மனிதரை அனுப்பாமல் செய்திருக்கலாமே என்ற கேள்வி நியாயமானது. அதற்கு அந்த ஆண்டே விடையும் கிடைத்தது. அப்பல்லோ 16-க்கு இரண்டு மாதம் முன், 1972 பிப்ரவரியில், சோவியத் இயந்திரமான லூனா 20 மேட்டுநிலத்தின் இன்னொரு மூலையில் இறங்கித் துளைபோட்டு மண் எடுத்துத் திரும்பியது. 100 கிராம்கூடத் தேறவில்லை. ஆனால் மேட்டுநில மண் என்ன வகை என்று சொல்ல அது போதும். இதே ஃபெல்ஸ்பார் நிறைந்த மண்தான். அப்படியானால் மீதி 95 கிலோவுக்குச் செலவழித்தது வீணா? வீணில்லை என்றே நினைக்கிறேன். ஒன்று இருக்கிறது என்று சொல்ல ஒரு பிடி போதும். இல்லை என்று சொல்லத்தான் சுற்றித் தேட வேண்டும். 100 கிராமைக் கையில் வைத்துக்கொண்டு, எரிமலைக் கல் பக்கத்துக் குன்றில் இருக்குமோ என்று இன்னும் பத்தாண்டு வாதாடியிருப்பார்கள். பத்துக்கும் மேற்பட்ட இடங்களில் நிறுத்தி, பள்ளத்தின் விளிம்பில் நின்று, குன்றில் ஏறி, 731 மாதிரி எடுத்து, எதிலும் எதிர்பார்த்த எரிமலைப் பாறை இல்லை என்றபோது வாதம் முடிந்தது. 44.5 கோடி டாலர் வாங்கிக் கொடுத்தது அந்த 'இல்லை'யைத்தான். அதே பணத்தில் இயந்திரங்களை நாலைந்து மூலைக்கு அனுப்பியிருந்தால் இன்னும் பரவலாகத் தேடியிருக்கலாம் என்று ஒருவர் சொன்னால் எதிர்த்துப் பேசுவது கடினம்; 1972-இல் மண்ணெடுத்துத் திரும்பும் இயந்திரங்கள் ஒரு குன்றின்மேல் ஏறும் திறமை இல்லாதவை என்பது மட்டும் என் பதில்.

இந்த வாங்கலின் பலன் பின்னால் தமிழ்நாட்டில் வந்து சேர்ந்தது. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, வெளிநாட்டுப் புவியியலாளர்களும் அறிந்த ஊர். அங்கே நிலத்தில் கிடப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைய அனார்த்தோசைட். பூமியில் அபூர்வமான அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த ஃபெல்ஸ்பார் கொண்டது. அதன் கனிமங்களை விரிவாக எழுதி 1956-இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் இதழில் வெளியிட்டவர் ஏ. பி. சுப்ரமணியம். அப்போது நிலவுக் கல்லை யாரும் கண்டதில்லை. அதனால் தான் எழுதுவது நிலவின் தோலைப் பற்றியும்தான் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

சந்திரயான்-2 இறங்கு கலத்தையும் உலவியையும் சோதித்துப் பார்க்க இஸ்ரோவுக்கு மேட்டுநில மண் போன்ற மண் வேண்டியிருந்தது. 60, 70 டன். அமெரிக்காவில் கிடைத்த செயற்கை மண்ணின் விலை கிலோ 150 டாலர். 60 டன்னுக்கு 90 லட்சம் டாலர். முதலில் 25 கோடி ரூபாய் ஒதுக்கியதாக இஸ்ரோ விஞ்ஞானி மயில்சாமி அண்ணாதுரை பின்னாளில் சொன்னார். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறை சித்தம்பூண்டியையும் குன்னமலையையும் காட்டியது. சேலத்துக் கல் அரைக்கும் ஆலைகளில் வேண்டிய அளவுக்குப் பொடியாக்கி, 50 டன்னுக்கு மேல் பெங்களூருக்கு ஏற்றினார்கள். வேலை செய்தவர்கள் கூலி கேட்கவில்லை என்பதால் ஒதுக்கிய பணம் தேவைப்படவே இல்லை. அந்தத் தயாரிப்பு முறைக்கு 2020-இல் காப்புரிமையும் வந்தது.

50 டன் மண், கிட்டத்தட்ட இலவசம். ஆனால் சித்தம்பூண்டிப் பொடி நிலவு மண்ணைப் போன்றதுதான் என்று எதை வைத்து ஒப்பிட்டார்கள்? அப்பல்லோ 16 கொண்டுவந்த மண்ணை வைத்து. படிக்கல் ஒன்றை யாரோ முன்பே பெரும் விலைக்கு வாங்கி வைத்திருந்தார்கள். நாம் அதில் நிறுத்துப் பார்த்துக்கொண்டோம். சேலத்துக் கல்லாலைகள் சாலைக்கும் கட்டடத்துக்கும் அரைக்க வந்தவை என்பதையும் சேர்த்துக்கொண்டால், கோப்பெங் கதைதான் இங்கேயும் நடந்திருக்கிறது.

2023 ஆகஸ்ட் 23-இல் சந்திரயான்-3 தென்துருவப் பக்கம், 69 பாகை தெற்கே, மேட்டுநிலத்தில் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். செலவு 615 கோடி ரூபாய் அளவில். 26 கிலோ எடையுள்ள பிரக்யான் உலவி ஊர்ந்த தூரம் 103 மீட்டர். வழியில் 23 இடத்தில் மண்ணின் தனிமங்களை அளந்தது. மீட்டருக்கு 6 கோடி, அளவீடு ஒன்றுக்கு 26 கோடியே 70 லட்சம் ரூபாய். திரும்பக் கொண்டுவந்தது ஒன்றுமில்லை என்பதால் கிராம் விலை போட முடியாது. அடுத்த ஆண்டு நேச்சர் இதழில் வந்த முடிவு, அங்குள்ள மண் அப்பல்லோ 16 மண்ணுக்கும் லூனா 20 மண்ணுக்கும் இடைப்பட்ட கலவை என்றது. 51 ஆண்டு கழித்தும் ஒப்பிட அந்த இரண்டு சரக்குதான். உருகிய கடலின் ஏடு நிலவு முழுக்கப் பரவியிருந்தது என்பதற்குத் தெற்கிலிருந்தும் ஒரு சாட்சி கிடைத்தது.

மனிதரை மீண்டும் அனுப்பும் ஆர்ட்டெமிஸ் திட்டத்தின் முதல் நாலு ஏவுதல்களுக்கு ஒவ்வொன்றும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் 2022-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் சொன்னார். 1972-இன் 44.5 கோடியை 2022-இன் விலைவாசிக்கு ஏற்றினால் 300 கோடிக்குச் சற்று மேல் வரும். அப்படிப் பார்த்தால் உயர்வு மூன்றில் ஒரு பங்கு மட்டும். மலேசிய ரப்பரில் அளந்தால் எண் வேறு மாதிரி. 2023-இல் உற்பத்தி மூன்றரை லட்சம் டன் அளவு. கிலோ 6 வெள்ளி என்று வைத்தால் 210 கோடி வெள்ளி. ஓர் ஏவுதலுக்கு எட்டு ஆண்டுக்கு மேற்பட்ட பால் வேண்டும். ராக்கெட் அவ்வளவு விலையேறிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, பல நிலங்கள் வீடமைப்புக்குப் போயின, அளவுகோலே சுருங்கிவிட்டது.

கல் இருப்பு நன்றாகவே இருக்கிறது. அப்பல்லோ கற்களில் 80 விழுக்காட்டுக்கு மேல் யாரும் கைவைக்காமல் நைட்ரஜன் பெட்டிகளில் உள்ளன. கற்கள் இருக்கும் ஹூஸ்டனில் புயலடித்தால் எல்லாம் போய்விடக் கூடாதென்று, ஏழில் ஒரு பங்கை நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் விண்ணப்பித்தால் கிடைப்பது கிராம் கணக்கில், சில சமயம் மில்லிகிராமில்; வேலை முடிந்ததும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பற்று எழுதியும் வரவே இல்லாத இனம் ஒன்று உண்டு. நிலவின் உள்சூட்டை அளக்கும் கருவி. டியூக் துளைபோட்டு ஒரு கம்பியை இறக்கிவிட்டார். அதற்குள் யங்கின் கால் கம்பிவடத்தில் மாட்டி, இணைப்பு அறுந்துவிட்டது. சரிசெய்யும் வழியைப் பூமியில் யோசித்துப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 3 லட்சத்து 66 ஆயிரம் டாலர் விழும் இடத்தில் அதற்கு நேரம் ஒதுக்க முடியவில்லை. அப்பல்லோ 15-இலும் 17-இலும் அதே வகைக் கருவி வேலை செய்தது. சதுர மீட்டருக்கு 21 மில்லிவாட், 16 மில்லிவாட். இரண்டும் சமவெளியின் ஓரத்து அளவுகள். சந்திரயான்-3-இல் இறங்கிய விக்ரம் கலத்தின் கருவி 10 சென்டிமீட்டர் ஆழம்வரை வெப்பநிலை பார்த்தது. உள்சூட்டுக்கு அந்த ஆழம் போதாது. மேட்டுநிலத்துக்கான கட்டத்தில் இன்றுவரை எண் ஏறவில்லை.